சணல் ஆலையும் என் எக்செல் ஷீட்டும்

ஒரு மணி நேரம் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் என் ஃபோனில் இருக்கும் ஆப் ஒரு செய்தி காட்டும். "இன்று உங்களுக்கு 273 கலோரி கூடுதலாக இருக்கிறது." அதாவது நடந்து சம்பாதித்துவிட்டேனாம், இனி செலவு பண்ணலாமாம். நானும் செலவு பண்ணினேன். இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு டீ. பஜ்ஜியையும் நேர்மையாக ஆப்பில் ஏற்றினேன் (ஒரே வாழைக்காய் பஜ்ஜிக்கு அதில் மூன்று விதமான எண் இருந்தது, நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன்). ராத்திரி எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் கொட்டுவேன். சாப்பிட்டது ஒரு காலம், எரித்தது ஒரு காலம், வித்தியாசம் மூன்றாவது காலம்.

பதினொரு மாதம் இப்படி ஓட்டினேன். மூன்றாவது காலத்தைக் கூட்டிப் பார்த்தால் சராசரியாக ஒரு நாளைக்கு 300 கலோரி பற்றாக்குறை. 330 நாளுக்கு 99,000. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்ற வழக்கமான கணக்கில் வகுத்தால் கிட்டத்தட்ட 13 கிலோ. ஆரம்பித்தபோது 78 கிலோ, ஆக நான் இப்போது 65 கிலோ இருந்திருக்க வேண்டும். எடை மெஷின் 79.5 காட்டியது. ஹெச்பிஏ1சி 5.9-லிருந்து 6.1 ஆகியிருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அப்பாவுக்கு சர்க்கரை இருந்த வீட்டில் அந்த 0.2 சின்ன எண் இல்லை.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது மாதிரி நிலைமை பழக்கம்தான். ப்ரோக்ராம் ஓடுகிறது, எரர் இல்லை, விடை மட்டும் தப்பு. ஃபார்முலாவை முதலில் பார்த்தேன். அதில் தப்பில்லை. ஆற்றல் அழியாது, உள்ளே போனதில் வெளியே போகாதது உடம்பில்தான் இருக்க வேண்டும். கழித்தலும் சரி. அப்படியானால் உள்ளீடு தப்பு, இல்லை என்றால் நான் தனித்தனி என்று நினைத்த இரண்டு காலங்களும் தனித்தனி இல்லை. இந்த இரண்டாவது சந்தேகம்தான் என்னை இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போனது. ஒன்று 1956-ல் வெளிவந்த ஏழு பக்கக் கட்டுரை. இன்னொன்று 2021-ல் வெளிவந்த புத்தகம். இந்தப் பதிவு அந்த இரண்டையும் பற்றிய விமர்சனம்தான். என் பஜ்ஜி சாட்சிக்கு மட்டும்.

முதலில் உள்ளீட்டை முடித்துவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற கதை. ஆப்பின் 273 எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஏமாற்றமாக இருந்தது. மெட் என்று ஓர் அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 கலோரி. மிதமான நடைக்கு 3.5 மெட். 3.5-ஐ 78-ஆல் பெருக்கினால் 273. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் நடக்காமல் சோபாவில் கிடந்திருந்தாலும் 78 கலோரி எரிந்திருக்கும். அதை ஆப் ஏற்கெனவே என் அன்றாடச் செலவில் சேர்த்துவிட்டது. ஆக நடையால் வந்த கூடுதல் 195-தான். ஒரே பில்லை இரண்டு முறை கணக்கில் ஏற்றுவது மாதிரி. கையில் கட்டும் வாட்ச்காரர்கள் இதைவிடத் தேவலாமா என்றால், 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்குச் சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமானதற்கு 93.

சாப்பாட்டுக் காலம் இன்னும் பரிதாபம். நம் வீட்டில் தாளிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடவோ குறையவோ விழுந்தால் 120 கலோரி வித்தியாசம். என் நடையின் பாதிக்கு மேல் அதிலேயே போச்சு. இதைச் சொல்லி "ஏங்க, நான் கரண்டியில அளந்தா ஊத்துறேன்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். சின்னக் குழுதான், பத்துப் பேர். அவர்களைப் பொய்யர்கள் என்று நினைக்காதீர்கள். நான் பதினொரு மாதம் சத்தியமாக உண்மை என்று நம்பித்தான் ஷீட்டை நிரப்பினேன்.

இரண்டு பெரிய எண்கள், இரண்டிலும் இருபது முப்பது சதவீதம் பிழை, அவற்றைக் கழித்து வரும் 300-ஐ நம்பலாமா? இன்ஜினியரிங் முதல் வருஷ லேபிலேயே இதற்கு மார்க் வெட்டுவார்கள்.

சரி, இனி அந்தக் கட்டுரை.

ஜான் மேயர் பிரான்ஸில் பிறந்தவர், ஹார்வர்டில் ஊட்டச்சத்துத் துறையில் இருந்தவர். 1954-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தினமும் ஒரு மணி நேரம் வரை ஓடவிட்ட எலிகள், கூண்டில் சும்மா கிடந்த எலிகளைவிட அதிகமாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் குறைவாகவே சாப்பிட்டன. அதற்கு மேல் ஓட ஓடத்தான் சாப்பாடு கூடியது. மனிதர்களிடம் இப்படி இருக்குமா என்று தேடியவர் வந்து நின்ற இடம் மேற்கு வங்காளம். கல்கத்தாவுக்குச் சற்றுத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் லட்லோ கம்பெனியின் சணல் ஆலை. பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா என்ற இரு இந்தியர்கள் உடன் எழுதியவர்கள். (இந்தக் கட்டுரையை எடுத்துப் பேசுகிறவர்கள் மேயர் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆலைக்காரர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிற வேலையை எந்த மொழியில் யார் செய்திருப்பார்கள் என்று யோசித்தால் இது கொஞ்சம் உறுத்தும்.)

213 ஆண்கள். ஒரே ஆலையைச் சார்ந்து வாழ்கிறவர்கள், ஆனால் வேலை வேறு வேறு. ஒரு முனையில் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள், மேற்பார்வையாளர்கள், எழுத்தர்கள். நடுவில் மெக்கானிக், டிரைவர், நூல் சுற்றுகிறவர், நெசவாளி. மறு முனையில் சாம்பல் அள்ளுகிறவர், நிலக்கரி சுமக்கிறவர், கொல்லர், பேல் தூக்குகிறவர். வேலையின் கடுமைப்படி இவர்களை இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே சாப்பிடும் கலோரிக்கு ஒரு கோடு, கீழே உடல் எடைக்கு ஒரு கோடு போட்டார்கள்.

வலது பக்கம் நாம் எதிர்பார்ப்பதுதான். உழைப்பு கூடக்கூடச் சாப்பாடு கூடுகிறது, எடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கரி சுமப்பவர் அதிகம் தின்கிறார், அத்தனையும் எரிக்கிறார், உடம்பே சமன் செய்துகொள்கிறது. ஆப் தேவைப்படவில்லை. விசேஷம் இடது பக்கம். உழைப்பு குறைந்துகொண்டே வந்து உட்கார்ந்த வேலையைத் தொடும்போது சாப்பாட்டுக் கோடு கீழே இறங்காமல் மேலே திரும்புகிறது. கடையில் உட்கார்ந்தவர் கரி சுமப்பவருக்குச் சமமாகச் சாப்பிடுகிறார். எடைக் கோடும் கூடவே ஏறுகிறது. மேயரின் விளக்கம் இது. பசி செலவைப் பின்தொடர்வது ஓர் எல்லைக்குள் மட்டும்தான். உழைப்பு அந்த எல்லைக்குக் கீழே போனால் பசிக்கும் செலவுக்கும் இருக்கும் இணைப்பு அறுந்துவிடுகிறது.

இந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர். ரிங் ஃப்ரேம் ஓரமாக எட்டு மணி நேரம் நடந்துகொண்டே அறுந்த நூலைப் பிணைக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தட்டில் சோறு மலைமாதிரி இருக்கும். ஒல்லி மனுஷன். ஐம்பத்திரண்டு வயதில் மில் மூடுகிற நிலைக்கு வந்து வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் வீட்டுத் திண்ணை, டிவி, பேப்பர். சோறு மட்டும் அதே மலை. இரண்டு வருஷத்தில் பேண்ட் எல்லாம் பத்தாமல் போனது, மூன்றாவது வருஷம் சர்க்கரை. "வாயைக் கட்டணும்" என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. அவர் ஒரே ஒரு முறை பதில் சொன்னார்: "வேலை போனது என்ற வயித்துக்குத் தெரீலயே சாமி." நான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மேயர் ஏழு பக்கத்தில் சொன்னதும் அதுதான் என்று தெரியவந்தபோது அப்பா இல்லை.

இப்படி ஒரு படம் நம் வீட்டுக் கதையோடு அச்சாகப் பொருந்தும்போதுதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அதனால் கட்டுரையை மறுபடி, எதிரி வக்கீல் மாதிரி படித்தேன். ஓட்டைகள் இருக்கின்றன.

அதன் கிடை அச்சில் இருப்பது அளந்த எண் இல்லை, வேலைப் பெயர்கள். மெக்கானிக்கும் நெசவாளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இடையே எத்தனை கலோரி தூரம் என்று யாரும் அளக்கவில்லை. ஆக கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பேசலாம், எவ்வளவு வளைகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்று பேச முடியாது. பின்னால் வந்தவர்கள் அந்த வளைவை ஒரு விதி மாதிரி வரைந்து காட்டுகிறார்கள். அதற்கு இந்த அச்சு தாங்காது. சாப்பாட்டு அளவும் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். சொல்பவர் குறைத்துச் சொல்கிற பிரச்சினை இங்கேயும் உண்டு.

அதைவிடப் பெரிது கூலி. 1950-களின் வங்காளத்தில் கடைக்காரரும் மேற்பார்வையாளரும் கூலிக்காரரைவிடக் கையில் காசு உள்ளவர்கள். தொப்பை என்பது வசதியின் அடையாளம். அவர் அதிகம் சாப்பிட்டது பசிக் கட்டுப்பாடு அறுந்ததாலா, மீனும் நெய்யும் வாங்க முடிந்ததாலா? அதேபோல் கரி சுமந்தவர் ஒல்லியாக இருந்தது அவர் உடம்பு கச்சிதமாகக் கணக்குப் பார்த்ததாலா, அதற்கு மேல் சாப்பாடு வாங்கக் காசில்லாததாலா? ஒரே நேரத்தில் 213 பேரை வரிசையில் நிற்க வைத்து எடுத்த போட்டோ இதற்குப் பதில் சொல்லாது. காரணம் தலைகீழாகவும் இருக்கலாம். பருத்தவரைக் கரி சுமக்க யார் வேலைக்கு வைப்பார்கள்? ஒரே ஆளை வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று தொடர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பாவை அப்படிப் பார்த்தோம், ஆனால் அது ஒரே ஒரு ஆள். தவிர வேலை போன மனக்கஷ்டத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கலாம் இல்லையா?

தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் 421 இளம் வயதினரை ஒரு வருஷம் கவனித்தார்கள். மிகக் குறைவாக அசைந்த குழுவுக்குத்தான் கொழுப்பு அதிகம் ஏறியது. பசி செலவோடு ஒட்டிக்கொள்ள ஒரு நாளைக்குச் சுமார் 7,100 அடி நடை தேவை என்று ஒரு எல்லையும் குறித்தார்கள். மேயர் சொன்னதற்கு இது நல்ல பக்கபலம். அந்த ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கோக்க கோலா.

அதே 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. "உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு" என்ற விஞ்ஞானிகள் அமைப்புக்கு கோக்க கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. நாம் சாப்பாட்டைப் பற்றியே கவலைப்படுகிறோம், உடற்பயிற்சியைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பதுதான் அந்த அமைப்பு பரப்பிய கருத்து. செய்தி வந்ததும் கொலராடோ பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது, அந்த வருஷ முடிவுக்குள் அமைப்பு கலைந்துபோனது. 421 பேர் ஆய்வை எழுதியவர்களில் சிலர் அந்த அமைப்பிலும் இருந்தவர்கள்.

இதை வைத்து ஆய்வைக் குப்பையில் போடலாமா? போடமாட்டேன். பணம் கொடுத்தவர் யார் என்பதால் அளந்த எண் மாறிவிடாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த விடையைப் போஸ்டரில் போடுவது என்பது மாறும். குளிர்பானக் கம்பெனிக்குப் பிடித்த வாக்கியம் "குடித்துவிட்டு ஓடு, சரியாகிவிடும்." மேயரின் இடது பக்கம் உண்மையானால் அதிலிருந்து வரும் முடிவு அவர்களுக்குப் பிடிக்காதது. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆளின் பசி அவனைக் காப்பாற்றாது, ஆகவே அவன் முன்னால் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை வைக்காதே. ஒரே படத்திலிருந்து இரண்டு வாக்கியமும் எழுதலாம். விளம்பரத்துக்குப் போனது ஒன்றுதான்.

இனி புத்தகம். ஹெர்மன் பான்ட்ஸரின் "பர்ன்". டியூக் பல்கலைக்கழகத்தில் மனிதப் பரிணாமம் படிப்பவர். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களிடம் போய் அவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு எரிக்கிறார்கள் என்று அளந்தார். கேட்டு அளக்கவில்லை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்த்து, வெளியேறிய கரியமில வாயுவைக் கணக்கிடும் முறை. பத்து நாள் சராசரி சுத்தமாக வந்துவிடும். நாம் பொய் சொன்னாலும் சிறுநீர் சொல்லாது. அப்படி அளந்த 30 ஹட்ஸாக்கள், அமெரிக்காவில் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம் அசைகிறவர்கள். ஆண்கள் தினமும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் எரிக்கும் மொத்தக் கலோரி அந்த ஆபீஸ்காரர்கள் எரிப்பதுதான். 2012-ல் வந்த முடிவு.

இதிலிருந்து அவர் வைக்கும் வாதம், உடம்புக்கு ஒரு தினசரி பட்ஜெட் இருக்கிறது என்பது. நடைக்கு அதிகம் செலவானால் வேறு எங்கேயோ குறைத்துக்கொள்கிறது. வீக்கம், மன அழுத்த எதிர்வினை, இனப்பெருக்க ஹார்மோன்கள் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் வெட்டு விழுகிறது. சம்பளம் கூடாத வீட்டில் ஸ்கூல் ஃபீஸ் வந்தால் துணிமணிச் செலவு குறைகிற மாதிரி. 2016-ல் ஐந்து நாடுகளில் 332 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. அசைவு ஓரளவு வரை கூடும்போது செலவும் கூடுகிறது, அதற்கு மேல் கோடு படுத்துவிடுகிறது.

நம் ஊர்ச் சாப்பாட்டு அட்டவணைகளை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலையானால் 2,110 கலோரி, கடின உழைப்பானால் 3,470. ஓய்வுச் செலவை உழைப்பு எண்ணால் பெருக்கிக்கொண்டே போகிற கணக்கு. பான்ட்ஸர் சொல்வது சரியானால் அந்த ஏணியின் மேல் படிகள் இவ்வளவு உயரம் இருக்கக் கூடாது.

புத்தகம் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது, அதிலேயே எனக்கு ஒரு சங்கடம். கதை இவ்வளவு சுவையாக இருக்கும்போது எண்கள் பின்னால் போய்விடுகின்றன. 30 ஹட்ஸாக்கள் மொத்தப் புத்தகத்தையும் தூக்கி நிறுத்துகிறார்கள். 332 பேரின் ஆய்வும் மேயருடையது மாதிரியே ஒரே நேரத்துப் போட்டோ, அதிகம் அசைகிறவர் வேறு ஆள், குறைவாக அசைகிறவர் வேறு ஆள். அடித்துப் பேசும் தொனிக்கு அந்தத் தரவு போதாது. புத்தகம் வந்த அதே 2021-ல், சில மாதம் கழித்து, பான்ட்ஸரும் ஓர் ஆசிரியராக இருந்த பெரிய ஆய்வு வந்தது. 1,754 பேர். கூடுதலாக அசைந்து எரிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு செலவைக் குறைத்து ஈடுகட்டிவிடுகிறது, 72 சதவீதம் நிற்கிறது என்றது அது. உடம்பில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களிடம் ஈடுகட்டல் இன்னும் அதிகம். பாருங்கள், 28 என்பது பூஜ்யமும் இல்லை, நூறும் இல்லை. புத்தகத்தைப் படித்து முடிக்கும்போது மனதில் தங்குவது நூறுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. என்னுடைய 195-ஐ அதே விகிதத்தில் குறைத்தால் 140. (28 என்பது பலரின் சராசரி, என் ஒரு நாள் நடைக்கு அதை மாட்டுவது தோராயத்துக்கு மட்டும்.) ஆப் சொன்ன 273-ல் கிட்டத்தட்ட பாதி. ஆனால் 140 என்பது ஒன்றுமே இல்லை என்று ஆகாது.

ஒரு விஷயத்துக்காக பான்ட்ஸருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நாற்பது தாண்டினால் எரிக்கும் வேகம் குறைந்துவிடும், அதனால்தான் தொப்பை என்று என் வயதுக்காரர்கள் எல்லாருமே சொல்லிக்கொள்கிறோம். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளை வைத்து அவரும் மற்றவர்களும் 2021-ல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரைப்படி, உடல் அளவைக் கணக்கில் எடுத்துவிட்டால் 20 வயதிலிருந்து 60 வரை அந்த வேகம் மாறுவதே இல்லை. என்னிடம் மிச்சம் இருந்த ஒரே நல்ல சாக்கும் போச்சு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேயர், உழைப்பைத் தொட்டால் சாப்பாட்டுக் காலம் மாறும் என்கிறார். பான்ட்ஸர், உழைப்பைத் தொட்டால் உழைப்பல்லாத செலவு மாறும் என்கிறார். என் ஷீட்டோ, ஒன்றைத் தொட்டால் மற்றது எல்லாம் கல்லு மாதிரி நிற்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு வேரியபிளும் ஒன்றையொன்று அழைக்கிறது, நான் அவற்றைக் கான்ஸ்டன்ட் என்று டிக்ளேர் பண்ணிவிட்டேன். வருஷத்துக்கு ஒரு கிலோ ஏறுகிறவரைப் பாருங்கள். 7,700-ஐ 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 21 கலோரி. சாப்பிடுவதில் ஒரு சதவீதம். இருபது சதவீதப் பிழையுள்ள எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது. கூட்டல் கழித்தல் தெரியாத பசியோ, சரியான நிலைமை கொடுத்தால், ஆயிரக்கணக்கான கலோரி போய்வருகிற கணக்கை அந்தத் துல்லியத்துக்குப் பார்த்துக்கொள்கிறது. கரி சுமந்தவருக்கு அது வேலை செய்தது. அப்பாவுக்கு முப்பது வருஷம் செய்தது.

அந்த 7,700-க்கும் ஒரு குட்டு. இதன் அமெரிக்க வடிவம் ஒரு பவுண்டுக்கு 3,500, 1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதியது. கொழுப்புத் திசுவில் எவ்வளவு ஆற்றல் என்ற அளவில் அது சரி. அதை நாள்கணக்கில் நீட்டி, ஒரு வருஷம் தினம் இவ்வளவு குறைத்தால் இத்தனை கிலோ போகும் என்று நேர்கோடு போடுவதுதான் தப்பு. எடை குறையக்குறையச் செலவும் குறையும், கோடு வளைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். கெவின் ஹாலும் மற்றவர்களும் 2011-ல் லான்செட்டில் இதற்கு ஒரு மாற்றுக் கணக்கு கொடுத்தார்கள். தினமும் 10 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு பவுண்டு இறங்கும், அதில் பாதிக்கு ஒரு வருஷம், கிட்டத்தட்ட முழுவதுக்கும் மூன்று வருஷம். என் 300 நிஜமாகவே 300-ஆக இருந்திருந்தாலும் அந்தப் பதினொரு மாதத்தில் 13 கிலோ போயிருக்காது, ஆறு ஏழு போயிருக்கும்.

அப்போ நடை வேண்டாமா என்று கேட்காதீர்கள். மேயர், பான்ட்ஸர் இருவருமே நடக்கச் சொல்கிறவர்கள்தான். நடப்பதைக் காசாக்கிச் சாப்பாட்டுக் கடையில் செலவழிக்கும் வழக்கத்துக்குத்தான் இருவரிடமும் இடமில்லை. நான் இப்போதும் நடக்கிறேன், முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக. காலை ஒரு மணி நேரம் நடந்துவிட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தேன், அதை உடைத்திருக்கிறேன். ஃபோன் பேசுவதெல்லாம் நடந்துகொண்டே. ஆப்பில் உடற்பயிற்சிக் கலோரியைத் திருப்பிச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டேன் (செட்டிங்ஸில் நாலு திரை உள்ளே ஒளிந்திருந்தது). பஜ்ஜி ஞாயிற்றுக்கிழமை உண்டு, சம்பாத்தியமாக இல்லை, பஜ்ஜியாக.

ஷீட்டில் கழித்தல் காலம் போய்விட்டது. இப்போது நாலு காலம். அடிகள், வாரம் ஒருமுறை இடுப்பளவு, வாரச் சராசரி எடை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பசி எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண். கடைசிக் காலத்துக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். 7,000 அடிக்கு மேல் போன நாளின் பசிக்கும் நாற்காலியிலேயே கிடந்த நாளின் பசிக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பது வாரம் ஆகிறது. இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, எடை 78.6. பசி எண்களில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை, ஒரே இரைச்சல்.

அடுத்த ஹெச்பிஏ1சி ஆகஸ்டில். என்ன வந்தாலும் இந்தப் பதிவின் அடியில் சேர்த்துவிடுகிறேன்.